நிலநடுக்கத்திற்கு நேரம் காலம் உண்டா?

நிலநடுக்கம் இரவில்தான் அதிகம் வரும் என்ற பேச்சு தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. பதிவான நேரங்கள் அப்படிச் சொல்லவில்லை.

ஈப்போவில் உணரப்படும் அதிர்வுகளில் பெரும்பாலானவை சுமத்ரா பக்கமிருந்து வருபவை. அங்கு ஏற்பட்ட பெரிய நிலநடுக்கங்களை மலேசிய நேரப்படி பார்ப்போம். 2004 டிசம்பர் 26, காலை 8.58. நியாஸ் தீவு, 2005 மார்ச் 29, நள்ளிரவு தாண்டி 12.09. பாடாங், 2009 செப்டம்பர் 30, மாலை 6.16. ஆச்சே கடல் பகுதி, 2012 ஏப்ரல் 11, மாலை 4.38. இதில் என்ன ஒழுங்கு இருக்கிறது?

காரணம் எளிது. பாறைத் தட்டுகள் நழுவுவது பல கிலோமீட்டர் ஆழத்தில். பகல் வெயிலின் சூடோ ஒரு மீட்டருக்குக் கீழே எட்டுவதே அரிது. நிலவின் ஈர்ப்புக்குச் சிறு பங்கு உண்டு என்று சில ஆய்வுகள் காட்டினாலும், அதை வைத்து நேரம் குறிக்க முடியாது.

பிறகு ஏன் இரவு என்கிறார்கள்? படுத்திருப்பவருக்குச் சிறு ஆட்டமும் தெரியும். கருவிகளுக்கும் அப்படித்தான்: லோரி, தொழிற்சாலை இரைச்சல் அடங்கிய இரவில் நுண்ணிய அதிர்வுகள் கூடுதலாகப் பதிவாகும். பகலில் குவாரி வெடிகளும் கலந்துவிடும்; ஈப்போ சுண்ணாம்புக் குன்றுகளைச் சுற்றி இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் புதிதல்ல.

தொலைவிலிருந்து வரும் மெதுவான அலைகள் உயர்ந்த கட்டடங்களையே அதிகம் ஆட்டும். அடுக்குமாடியில் மின்விசிறி ஆடிய அதே நிமிடம், தோட்ட லயத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

நேரம் முடிவு செய்வது சேதத்தைத்தான். 2004இல் அது ஞாயிற்றுக்கிழமை. நண்பகலுக்குப் பின் சுனாமி வந்தபோது பினாங்கு கடற்கரைகளில் குடும்பங்கள் இருந்தன. மலேசியாவில் 68 பேர் மாண்டனர். 2015 ஜூன் 5, காலை 7.15க்கு ரானாவ் குலுங்கியபோது கினாபாலு மலையில் ஏறுபவர்கள் இருந்தார்கள். 18 பேர் உயிரிழந்தனர்.