கடைசிக் கெஜத்தில் தேங்கும் வெள்ளம்

1986-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, சான் டியாகோ, இல்லினாய், பிட்ஸ்பர்க், கார்னெல், பிரின்ஸ்டன் ஆகிய ஐந்து இடங்களின் மீத்திறன் கணினி மையங்களையும் போல்டர் நகரின் வளிமண்டல ஆய்வு மையத்தையும் ஒரே வலையில் இணைத்தது. நாட்டின் தலைசிறந்த கணினிகளைக் கோத்த அந்தத் தடத்தின் வேகம் நொடிக்கு 56 கிலோபிட். ஒரு டெராபைட் தரவு அதில் போய்ச் சேர நாலரை ஆண்டு பிடிக்கும். 2001-இல் அறிவிக்கப்பட்ட டெராகிரிட் திட்டம், சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலீஸுக்கும் நடுவே நொடிக்கு 40 கிகாபிட் ஒளியிழைத் தடம் அமைத்தது. அதே டெராபைட்டுக்குக் கணக்குப்படி 200 நொடி போதும்.

இந்த ஏழு லட்சம் மடங்கு வளர்ச்சிக்கு முதல் காரணம் கண்ணாடி. ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே கண்ணாடி இழை தொலைத்தொடர்புக்கு உதவும் என்று சார்லஸ் காவ்வும் ஜார்ஜ் ஹாக்கமும் 1966-இல் எழுதினார்கள். 1970-இல் கார்னிங் நிறுவனம் அந்த எல்லையைத் தாண்டியது. இன்றைய இழையில் 100 கிலோமீட்டர் போன பிறகும் அந்த நூற்றில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. 1987-இல் சவுத்தாம்ப்டனில் டேவிட் பெய்ன் குழுவினர், எர்பியம் கலந்த இழையில் ஒளியை ஒளியாகவே பெருக்கிக் காட்டினார்கள். ஒரே இழையில் செல்லும் பல அலைநீளங்களை வழிநெடுக ஒன்றாகப் பெருக்குவது அதனால் கைகூடியது.

ஆனால் இழையின் வேகம் வேறு, ஆய்வாளரின் வட்டில் கோப்பு வந்து விழும் வேகம் வேறு. இந்த இடைவெளிதான் தரவுப் பரிமாற்றத்தின் உண்மையான வரலாறு என்பது என் கருத்து.

அதுவும் 1986-இல்தான் தொடங்குகிறது. அந்த அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும், 400 கெஜம் தள்ளியிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, நொடிக்கு 32,000 பிட் ஓடிய தரவு திடீரென 40 பிட்டாகச் சுருங்கியது. நெரிசலில் தொலைந்த பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, எல்லாக் கணினிகளும் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை மேலும் பெருக்கின. வான் ஜேக்கப்சன் மருந்து கண்டார்: பாக்கெட் தொலைந்தால் வேகத்தைக் குறை, பிறகு மெல்ல மெல்லக் கூட்டு. இணையத்தைக் காப்பாற்றியது அந்த விதிதான்.

அதே விதி நெடுந்தொலைவு ஒளியிழையில் தடையாக நின்றது. நொடிக்கு 10 கிகாபிட் தடம். போய்வர நொடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 1,500 பைட் அளவுள்ள பாக்கெட்டுகளில் 83,000-க்கு மேல் எந்நேரமும் வழியில் இருந்தால்தான் தடம் நிரம்பும். ஒன்று தொலைந்தால் வேகம் பாதியாகும். போய்வரும் சுற்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் கூட்டிப் பழைய வேகத்தை எட்ட ஏறத்தாழ 70 நிமிடம் ஆகும். அதற்குள் இன்னொன்று தொலையாதா? சாலி ஃபிளாய்ட் 2003-இல் இந்தக் கணக்கை வெளிப்படையாக எடுத்துவைத்து விதியைத் திருத்த முயன்றார். 2016-இல் கூகுளிலிருந்து வந்த, பாக்கெட் இழப்பை மட்டுமே நம்பாத பிபிஆர் முறையை எழுதியவர்களில் ஜேக்கப்சனும் ஒருவர். தம் விதி புதிய பாதைக்குப் போதாது என்று கண்டு அவரே மீண்டும் உழைத்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்த ஒரு பாக்கெட் எங்கே தொலைகிறது? பெரும்பாலும் ஆய்வு நிலையத்தின் வளாகத்துக்குள்தான். ஒற்றைமுறை இழையில் ஒளி செல்லும் மையம் சுமார் 9 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. இணைப்பியின் முனையில் விரல் பட்டால் எண்ணெய்ப் படலம் ஒட்டும். தூசியோடு செருகினால் அது இரு கண்ணாடி முகங்களுக்கு நடுவே நசுங்கிக் கீறலும் போடும். இணைப்பு அறுவதில்லை, கருவியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். சில ஆயிரத்தில் ஒரு பாக்கெட் மட்டும் பழுதாகிக் கைவிடப்படும். அதனால்தான் கைதேர்ந்த பணியாளர்கள் முனையை நுண்ணோக்கியில் பார்த்து, துடைத்து, மறுபடி பார்த்தபிறகே செருகுகிறார்கள்.

இன்னொரு இடம் வாயிலில் நிற்கும் ஃபயர்வால். ஆயிரம் பேரின் சிறு சிறு போக்குவரத்துக்காகச் செய்யப்பட்ட அந்தப் பெட்டி, ஒரே பெருவெள்ளம் வந்தால் தாங்காமல் பாக்கெட்டுகளைச் சிந்தும். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு வலையமைப்பான ஈஎஸ்நெட்டின் பொறியாளர்கள் இதற்கு வகுத்த ஏற்பாடு ‘சயன்ஸ் டிஎம்இசட்’. அறிவியல் தரவுக்கெனத் தனிப்பாதை, அதற்கேற்ற தனிக் காவல், தரவை அனுப்புவதற்கென்றே சில கணினிகள். எளிய ஏற்பாடுதான், ஆனால் 2022-இல் அறிமுகமான ஈஎஸ்நெட்6-இன் 400 கிகாபிட் தடங்களின் முழுப் பயனும் இத்தகைய ஏற்பாட்டால்தான் ஆய்வாளருக்குக் கிட்டும்.

நம் நாட்டில் 2015-இல் தொடங்கிய தேசிய மீத்திறன் கணினித் திட்டம், தன் கணினிகளைத் தேசிய அறிவு வலையமைப்பின் வழியே இணைக்க முற்பட்டது. திருச்சி என்.ஐ.டி.யில் 2022-இல் நிறுவிய 838 டெராஃபிளாப் ‘பரம் பொருள்’ அத்திட்டத்தைச் சேர்ந்ததே. இத்தகைய கணினிகளைப் பெறும் கல்வி நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கை வாயிலிலிருந்து வட்டு வரையுள்ள பாதைக்கும், அதைப் பராமரிக்கும் பணியாளருக்கும் ஒதுக்குங்கள். பெர்ஃப்சோனார் போன்ற அளவை மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதை நிறுவி, பாக்கெட் இழப்பை நாள்தோறும் அளந்து, அந்த அளவை ஆய்வு மாணவர்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.