முடிச்சு விழும் இடம்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கு வரும் சாலையில் வடுவூர் ஏரி இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பறவை பார்க்க அங்கே இறங்குகிறார்கள். பஸ் அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வடுவூர் துரைசாமி ஐயங்கார்தான் நினைவுக்கு வருவார். 1880-ல் பிறந்தவர், அரசு வேலையை விட்டுவிட்டு நாவல் எழுத வந்தவர், திகம்பர சாமியார் என்ற துப்பறிபவரைப் படைத்தவர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் எடுத்த படத்தில் எம்.என். நம்பியார் அந்தச் சாமியாராக வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு நடித்ததை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வடுவூராரின் ‘மேனகா’வில் பெரிய ரகசியம் ஏதும் ஒளிந்திருக்காது. வக்கீல் வராகசாமியின் மனைவி மேனகா. நாத்தனார்கள் அவளைப் பணத்துக்கு விற்கத் திட்டம் போடுகிறார்கள். திட்டம் முழுக்க நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதுவரை கரித்துக் கொட்டியவர்கள் திடீரென்று அன்பைப் பொழிகிறார்கள். அவள் மனம் குளிர்ந்துபோகிறாள், படிக்கிற நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. மேஜைக்கடியில் குண்டு இருப்பது பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியக்கூடாது, பார்க்கிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்று ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் விளக்கினார். ‘மேனகா’ அதற்கு வெகுகாலம் முன்பே, 1935-லேயே, சினிமாவாகவும் வந்துவிட்ட கதை.

இதற்கு நேர் எதிரான வழி ஜே.ஆர். ரங்கராஜுவுடையது. அவருடைய ‘இராஜாம்பாள்’ 1908-ல் வந்தது. அதில் கதாநாயகி கொலையுண்டதாக ஊரே நம்புகிறது. பழி காதலன் தலையில் விழுகிறது. உண்மை துப்பறியும் கோவிந்தன் வாய் திறக்கும்வரை வாசகருக்கும் கிடையாது. ஒருவர் காட்டிப் பதறவைத்தார், மற்றவர் மறைத்துத் தவிக்கவைத்தார். பின்னால் வந்த தமிழ்த் துப்பறியும் கதை எல்லாமே இந்த இரண்டையும் கலந்துகொண்டதுதான் என்று எனக்குப் படுகிறது. இவர்களுக்கு முன்பே, 1894-ல், பண்டித நடேச சாஸ்திரி தானவன் என்ற போலீஸ் நிபுணனை வைத்துக் கதைகள் எழுதியிருந்தார். ஆனால் ஜனங்களைத் தூங்கவிடாமல் செய்தவர்கள் அடுத்த தலைமுறையினர்தான்.

அவர்களுக்குப் பொதுவான ஒரு வாத்தியார் லண்டனில் இருந்தார். ஜி.டபிள்யூ.எம். ரெயினால்ட்ஸ். 1844-ல் தொடங்கிய அவருடைய ‘லண்டன் நகர மர்மங்கள்’ வாரம் ஒரு பென்னிக்கு எட்டுப் பக்கமாக விற்றது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூராரும் ரெயினால்ட்ஸின் நாவல்களைத் தழுவித் தமிழில் எழுதினார்கள். தழுவல் என்று இலக்கிய விமரிசகர்கள் அவர்களை ஒதுக்கிவிட்டது நியாயமில்லை. எட்டுப் பக்கம் முடிகிற இடத்தில் ஏழை வாசகன் அடுத்த வாரத்துக்கும் ஒரு பென்னி எடுத்துவைக்கவேண்டும். அந்தக் கட்டாயத்தில் பிறந்த தொழில்நுணுக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள்.

இந்த நுணுக்கத்தை நான் கற்றது கையால். மன்னார்குடியில் அப்பாவுக்குப் பைண்டிங் கடை. வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, சணல் போட்டுக் கட்டி வீட்டுப் பெண்கள் கொண்டுவருவார்கள். விகடன், குமுதம், கல்கி, கல்கண்டு எல்லாம் கலந்துகிடக்கும். வரிசைப்படுத்தி அடுக்குவது என் வேலை. அப்பா தைப்பார், மயில்துத்தம் கலந்த மைதாப் பசை தடவுவார், முதுகில் காலிகோ ஒட்டுவார். கிழித்த தாளில் அத்தியாய எண் பாதி போயிருக்கும், தேதி இருக்கவே இருக்காது. ஒரு வாரத்தின் கடைசி வரியையும் இன்னொரு வாரத்தின் முதல் வரியையும் படித்துப் பார்த்துத்தான் பொருத்தவேண்டும். ஆகவே கதையைப் படிப்பதற்கு முன்னால் நான் மூட்டுகளைப் படித்தேன். எங்காவது ஒரு வாரம் விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் வெள்ளைத்தாள் வைத்துத் தைக்கச் சொல்வார்கள். பக்கத்து வீட்டில் அந்த இதழ் கிடைத்தால் கையால் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அவ்வளவு மரியாதை ஒரு அத்தியாயத்துக்கு.

மூட்டுகளில் நல்லது கெட்டது உண்டு. இருட்டில் ஒரு கை தோளைத் தொட்டது, தொடரும். அடுத்த வாரம் பார்த்தால் நண்பனின் கை. ஏழு நாள் காக்கவைத்து இப்படி ஏமாற்றுகிற எழுத்தாளர் மேல் எனக்கு அந்த வயதிலேயே கோபம் வரும். நல்ல மூட்டில் அடுத்த வாரம் வருகிற பதிலே இன்னொரு கேள்வியாக இருக்கும். தோளைத் தொட்டது நண்பன்தான். ஆனால் அவன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று சொல்லியிருந்தான்.

தேவனுடைய மூட்டுகள் எப்போதும் நேர்மையாக இருக்கும். துப்பறியும் சாம்புவைச் சிரித்துக்கொண்டே படித்தவர்கள், அவர் ஆனந்த விகடனில் எழுதிய ‘ஜஸ்டிஸ் ஜகந்நாத’னை எடுத்துப் பார்க்கவேண்டும். ஒரு கொலை வழக்கின் விசாரணைதான் கதை. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. சாட்சி கூண்டில் ஏறுகிறார், வக்கீல் எழுந்து நிற்கிறார். நீதிமன்றத்தின் நடைமுறையே தாமதத்தைத் தந்துவிடுகிறது. ஒரு சாட்சி சொன்னதை நம்பியிருப்போம். குறுக்கு விசாரணையில் அது இளகும். எதிர்பார்ப்பை ஏற்றுவதற்கு அலறல் தேவையில்லை, விதிமுறை போதும் என்று தமிழில் காட்டியவர் அவர்தான். 1957-ல், நாற்பத்தைந்து வயதுகூட ஆகாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தமிழ்வாணனின் சங்கர்லால் தோற்கமாட்டார் என்று பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். அவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் எப்படி ஜெயிப்பார் என்பதுதான் கேள்வி.

சுஜாதா வந்தபோது மூட்டுப் பொருத்துவது எனக்குக் கஷ்டமாகிவிட்டது. ‘நைலான் கயிறு’ 1968-ல் குமுதத்தில் வந்தது, வக்கீல் கணேஷ் அதில்தான் அறிமுகம். அந்தப் பைண்டு வேலை எங்கள் கடைக்கு வந்தது பிறகுதான். முந்தைய எழுத்தாளர்கள் விட்ட இடத்தில் தொடங்குவார்கள். இவர் வேறெங்கோ தொடங்குவார். யார் பேசுகிறார் என்று சொல்லாமல் பேச்சிலேயே அத்தியாயம் ஆரம்பிக்கும். விட்ட இடத்துக்குத் திரும்பும்போது அங்கே ஏதோ நடந்து முடிந்திருக்கும். வாசகர் வீட்டில் கற்பனை செய்துகொண்டிருந்த அந்த ஏழு நாளை அவர் கதைக்குள் கணக்கில் எடுத்துக்கொண்டார். பக்கத்தையும் சும்மா விடவில்லை. ஒருவன் படியிறங்குகிறான் என்றால் எழுத்துகளையே படிப்படியாக இறக்கி அச்சிடவைத்தார். கண் தாளில் இறங்குகிற வேகத்தை அவர் தீர்மானித்தார். ஓவியர் ஜெயராஜின் படங்களும் இதில் சேர்த்தி. படத்தில் இருக்கிற கட்டம் கதையில் இன்னும் வந்திருக்காது. எப்போது வரும் என்று தேடிக்கொண்டே படிப்போம். 1981-ல் வந்த ‘கொலையுதிர் கால’த்தில் நடப்பது ஆவியின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று கணேஷும் அவர் ஜூனியர் வசந்தும் வாதாடினார்கள், ஊரும் வாரம் முழுக்க வாதாடியது. தெளிந்த விடையைக் கையில் கொடுக்காமலே கதையை முடிக்கிற துணிச்சல் அவருக்கு இருந்தது.

அப்புறம் பாக்கெட் நாவல்கள். ராணி முத்து, மாலைமதி, பிறகு கிரைம் நாவல், எ நாவல் டைம், இன்னும் எத்தனையோ. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கும். தஞ்சாவூரில் வாங்கினால் திருச்சி போவதற்குள் படித்து முடித்துவிடலாம். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேன்-வைஜெயந்தி என்று ஆளுக்கொரு ஜோடியோடு வந்தார்கள்.

வியாபாரம் பெருத்தது, ஆனால் எழுத்தாளருக்கு ஒரு பெரிய ஆயுதம் கைவிட்டுப் போனது. முழு நாவல் ஒரே புத்தகத்தில் இருக்கிறது. காத்திருக்க வாரம் கிடையாது. அவசரக்காரன் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் கொலைகாரன் அங்கேயே நிற்கிறான்.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர் கோயம்புத்தூர் ராஜேஷ்குமார். ‘வாடகைக்கு ஓர் உயிர்’ என்று 1980-ல் மாலைமதியில் தொடங்கியவர், ஆயிரத்தைந்நூறு நாவல்களைத் தாண்டிவிட்டார். எண்ணிக்கையைச் சொல்லி வியந்துவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுகிறார்கள். அவர் செய்த தொழிலை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அவருடைய பல நாவல்கள் இரண்டு புரிக் கயிறு. முதல் அத்தியாயத்தில் ஒரு ஊர், சில ஆட்கள், ஒரு ஆபத்து. இரண்டாவதில் சம்பந்தமே இல்லாத வேறு ஊர், வேறு ஆட்கள். மூன்றாவதில் பழைய ஊர். ஒவ்வொரு அத்தியாயமும் உச்சத்தில் அறுபட, நடுவில் மற்ற கதை வந்து உட்காரும். அது முடியும்வரை இந்தக் கதைக்காரர்கள் ஆபத்திலேயே நிற்கவேண்டியதுதான். அத்தியாயத் தலைப்பில் துணுக்குச் செய்தி வேறு, இன்னும் நான்கு வரி தாமதம். இரண்டு கதைக்கும் என்ன உறவு என்ற பெரிய கேள்வி எல்லாவற்றுக்கும் மேலே தொங்கும். வார இதழ் கொடுத்த இடைவெளியை அவர் புத்தகத்துக்குள்ளேயே மடித்து வைத்துவிட்டார்.

இதைச் சும்மா சொல்லவில்லை, பிரித்துப் பார்த்தேன். ஐந்தாறு பாக்கெட் நாவல்களை ஒன்றாகச் சேர்த்து பைண்டு பண்ணக் கொடுப்பார்கள். அப்படி வந்ததில் இரட்டைத் தடக் கதை ஒன்றைத் தைப்பதற்கு முன் தாள் தாளாகப் பிரித்து, ஒற்றைப்படை அத்தியாயங்களை மட்டும் முதலில் படித்தேன். ஒரு குடும்பத்துத் தகராறு, ஒரு கொலை, கைது. பிறகு இரட்டைப்படை அத்தியாயங்கள். காணாமல் போன ஒரு பெண், ஒரு தேடல். இரண்டும் ஒழுங்கான கதைகள்தான். எந்த இடத்திலும் பக்கத்தைப் புரட்டக் கை பரபரக்கவில்லை. கடைசி அத்தியாயத்தில் ராஜேஷ்குமாரின் துப்பறிபவர் விவேக் வந்து இரண்டையும் முடிச்சுப் போட்டபோது அது வெறும் தகவலாக இருந்தது. தாள்களைப் பழையபடி அடுக்கி, தைத்து வாங்கி, சில மாதம் கழித்து அதே கதையை வரிசையாகப் படித்தேன். முடிவு தெரியும். அப்படியும் ஆறாவது அத்தியாயம் அறுபட்ட இடத்தில் எனக்குள் பதற்றம் ஏறியது. ஏழாவதை அவசர அவசரமாகத் தாண்டி எட்டாவதற்குப் போனேன்.