அரிவாள் அணுவும் நம்ம நீலகிரியும்

நாக்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில், அலுவலக நண்பரின் தங்கைக்கு வரன் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஜாதகத்தோடு ரத்தப் பரிசோதனைச் சீட்டும் கேட்டார்களாம். எதற்கு? சிக்கிள் செல் இருக்கிறதா என்று பார்க்க. அதுவரை அது ஆப்பிரிக்கர்களின் வியாதி என்றே நினைத்திருந்தேன்.

டாக்டர்களும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினார்கள். 1910-ல் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக் முதலில் விவரித்த நோயாளி, கிரனடா தீவிலிருந்து வந்த கறுப்பின மாணவர். பிறகு வெள்ளையர் யாருக்காவது இருந்தால், 'பரம்பரையில் ஆப்பிரிக்கக் கலப்பு இருக்கும்' என்று முடிவுகட்டினார்கள்.

1952-ல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரைப் பரிசோதித்தபோது, அதே அரிவாள் வடிவ அணுக்கள் அங்கேயும்! 1954-ல் ஆண்டனி ஆலிசன் காரணம் சொன்னார். இந்த மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து காக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் நோய். ஆக, கிரீஸ், அரேபியா, விதர்பா என்று இது பரவியிருப்பது மலேரியாவின் தடத்தில். தோல் நிறத்தின் தடத்தில் அல்ல.

நோய்க்கு இன முத்திரை குத்தினால், முத்திரைக்கு வெளியே இருப்பவர் டாக்டர் கண்ணில் படமாட்டார். நீலகிரியில் கண்டது 1952-ல். இதை ஒழிக்க தேசியத் திட்டம் வந்தது 2023-ல். நடுவில் 71 வருடம்!

நண்பரின் தங்கை கேரியர்தான். மாப்பிள்ளைக்கு இல்லை. அவருக்கும் இருந்திருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. கல்யாணம் நன்றாக நடந்தது. ஜாதகம் பொருந்தியதா என்று நான் கேட்கவில்லை :-)