நெய்வேலியின் மூடல் திட்டத்தில் சேரி எங்கே?

நெய்வேலியின் கதையை யார் சொன்னாலும் ஜம்புலிங்க முதலியாரில்தான் தொடங்குவார்கள். 1930களில் அவருடைய நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் மேலே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. துளையிட்ட கூலியாட்களின் பெயரை நான் எங்கும் படித்ததில்லை. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரி கண்ணில் பட்டது. நிலம் வைத்திருந்தவர் வரலாற்றில் இருக்கிறார், அதில் உழைத்தவர் இல்லை. பிறகு வந்த ஒவ்வொரு காகிதத்திலும் இதே கதைதான்.

திறந்தவெளிச் சுரங்கத்தில் மேல்மண்ணைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அள்ளி, கரி எடுத்து முடித்த பள்ளத்தில் கொட்டி நிரப்ப வேண்டும். அதன்மேல் மேல்மண்ணைப் பரப்பி மரம் வைக்க வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டியே எழுதித் தருவதுதான் சுரங்க மூடல் திட்டம். 2009 ஆகஸ்டில் மத்திய நிலக்கரி அமைச்சகம் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. திறந்தவெளிச் சுரங்கம் என்றால் ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, ஆண்டுதோறும் தனி வங்கிக் கணக்கில் பணம் போட வேண்டும் என்று அது அப்போது சொன்னது. 2013இல் விதி திருத்தப்பட்டது. மூடல் வேலை நடந்திருப்பதைச் சரிபார்த்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்தப் பணத்தில் 80 சதவீதம் வரை திருப்பித் தரலாம் என்றது அந்தத் திருத்தம். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தோண்டிய இடத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும், அதைக் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும் என்றது.

நல்ல விதிகள்தான், குறை சொல்ல மாட்டேன். மண்ணுக்குக் கணக்கு இருக்கிறது, மரத்துக்கு இருக்கிறது, புல்லுக்குக்கூட இருக்கிறது. அந்த வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கு இல்லை. நிரப்பிய நிலத்தை உழுதவரிடமே திருப்பித் தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மீட்கப்பட்ட நிலம் தோப்பாகலாம், பூங்காவாகலாம். பட்டா இருந்தவர் இழப்பீடு வாங்கிக்கொண்டு வேறு ஊரில் நிலம் வாங்கலாம். சேரியிலிருந்து கூலிக்கு வந்தவர் எதை வாங்குவார்? அவரிடமிருந்து பறித்தது ஆண்டு முழுவதற்குமான வேலை. அதை எந்தச் சர்வேயரும் அளப்பதில்லை.

2023 ஜூலையில் இது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, மேல்வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் எந்திரங்கள் இறங்கின. சென்னை உயர் நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அது சாகுபடி செய்தவருக்கு. அறுவடைக்குப் போயிருக்க வேண்டிய கைகளுக்கு என்ன கணக்கு என்று விவாதத்தில் கேட்டவர்கள் குறைவு.

சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதில் நிலமில்லாத விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரரையும் சேர்க்கிறது. மூன்றாண்டு அங்கே வேலை செய்திருந்தால் போதும். அவர்களை ஊர் ஊராகப் போய் எண்ண வேண்டிய இடம் சமூகத் தாக்க மதிப்பீடு. தமிழ்நாடு அரசு தன்னுடைய மூன்று சட்டங்களுக்கு அந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. நெய்வேலிக்கு நிலம் எடுக்கப் பயன்படும் 1997ஆம் ஆண்டு தொழில் நோக்கச் சட்டம் அவற்றில் ஒன்று. இன்னொன்று, கேட்டால் சிரிப்பு வரும், ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் எடுக்கும் 1978ஆம் ஆண்டுச் சட்டம். 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் இந்த விலக்கு செல்லாது என்றது. சில நாட்களிலேயே சட்டமன்றம் அதற்குப் புது உயிர் கொடுத்தது, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. மறுவாழ்வுப் பலன்கள் காகிதத்தில் உண்டு. ஆனால் எண்ணாத ஆளுக்கு எதைக் கொடுப்பார்கள்?

காமயகவுண்டன்பட்டியில் உட்கார்ந்துகொண்டு நெய்வேலியைப் பற்றி ஏன் எழுதுகிறாய் என்று கேட்கலாம். இங்கே கரி இல்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் திராட்சைப் பந்தலும் அதில் நாள்கூலிக்குப் போகும் நம் சனமும் இருக்கிறார்கள். தேனி மாவட்டத்திலும் குவாரிகள் உண்டு. அனுமதிக்கோ புதுப்பிப்புக்கோ கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்தால், பட்டாதாரர் பட்டியல் மட்டும்தான் மேசையில் இருக்கும். அதற்கு முன்பே கூலிக் குடும்பங்களின் பட்டியலை, யார் எந்த நிலத்தில் எத்தனை வருடமாக வேலை செய்கிறார்கள் என்ற விவரத்தோடு, கிராம சபை இருந்தால் அதிலும், நம்மூர்போலப் பேரூராட்சி என்றால் எழுத்து மனுவாகவும் பதிவு செய்துவிட வேண்டும். மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் வராதீர்கள்.