பூட்டு வேற, சீல் வேற: ஒரு ஹாஷ் நம்பரின் கதை

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எங்க சித்தப்பா ஒரு ஹார்டுவேர் கடை வச்சிருக்கார். போன வருஷம் பட்டப்பகல்ல கல்லாவிலிருந்து பணம் போச்சு. ஆளு கேமராவுல தெளிவா விழுந்திருக்கான். சித்தப்பா அந்த வீடியோவை வாட்ஸ்அப்ல நாலு பேருக்கு அனுப்பிட்டு நிம்மதியா இருந்தார். கொஞ்ச நாள் கழிச்சு எனக்கு போன்: "டேய், வக்கீல் ஏதோ ஹாஷ் வேல்யூ கேக்குறார். அப்படின்னா என்னடா?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த எபிசோட்.

நம்ம ஊர் பூட்டு ஊர். 2019இல் புவிசார் குறியீடு வாங்கின பூட்டு. அதனால பூட்டிலிருந்தே தொடங்குறேன். தேர்தல் முடிஞ்சதும் வாக்குப்பதிவு இயந்திரங்களை வைக்கிற ஸ்ட்ராங் ரூமை யோசிச்சுப் பாருங்க. கதவுல பூட்டும் இருக்கும், சீலும் இருக்கும். பூட்டு, யாரும் உள்ள போகாம இருக்க. சீல், யாராவது போனா தெரிஞ்சுக்க. அந்தக் கதவுல அதிகாரிகளோட சீல் மட்டும் இருக்காது. வேட்பாளர்கள் தரப்பும் தங்களோட சீலை வைக்கலாம். சாவி வச்சிருக்கிறவர்கிட்டயே எல்லா சீலும் இருந்தா, அவர் திறந்துட்டு திரும்ப ஒட்டிடலாமே!

செக்சம் என்பது ஃபைலுக்கு வைக்கிற சீல். ஒரு ஃபைலை எஸ்ஹெச்ஏ-256 என்கிற கணக்குக்குள்ள விட்டா, 64 எழுத்து நீளத்துக்கு ஒரு ஹாஷ் வரும். ஃபைல் ரெண்டு ஜிபி இருந்தாலும் 64 எழுத்துதான், ரெண்டு வரி கடிதமா இருந்தாலும் 64தான். அதே ஃபைலுக்கு எப்பவும் அதே ஹாஷ். உள்ள ஒரே ஒரு கமா மாறினாலும் ஆளே அடையாளம் தெரியாத மாதிரி வேற ஹாஷ். டவுன்லோட் பண்ண ஃபைல் முழுசா வந்துச்சா, நடுவுல யாராவது கை வச்சாங்களான்னு பார்க்க, வெளியிட்டவங்க கொடுத்த ஹாஷையும் நம்ம கம்ப்யூட்டர் போட்ட ஹாஷையும் ஒப்பிட்டா போதும்.

ஒப்பிடலைன்னா? 2016 பிப்ரவரி 20 அன்னைக்கு லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள்ள ஒருத்தர் புகுந்தார். 17.3 சின்னமன் பதிப்போட டவுன்லோட் லிங்க்கை மாத்தி, பின்வாசல் வச்ச வேற ஒரு ஐஎஸ்ஓவுக்குத் திருப்பி விட்டார். மறுநாளே லினக்ஸ் மின்ட் குழு அதை அறிவிச்சு, சரியான ஹாஷ்களை வெளியிட்டது. அன்னைக்கு டவுன்லோட் பண்ணவங்களுக்கு தங்ககிட்ட இருக்கிறது நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சுக்க அந்த எழுத்துகள்தான் வழி. இன்னொரு விஷயமும் கவனிங்க. தளத்துக்குள்ள புகுந்தவனால பக்கத்துல இருக்கிற செக்சத்தையும் மாத்த முடியும். அதனாலதான் ஹாஷை ஃபைல் இருக்கிற இடத்திலிருந்து மட்டும் வாங்கக் கூடாது. வேற வழியா வாங்கணும், இல்லன்னா டிஜிட்டல் கையெழுத்தோட வாங்கணும். மறுபடி அந்த ஸ்ட்ராங் ரூம் கதைதான்.

சரி, சீலையே போலியா செஞ்சா? எம்டி5 என்கிற ஹாஷ் முறையை 1991இல் ரொனால்ட் ரிவெஸ்ட் வடிவமைச்சார். பல வருஷம் உலகமே அதை நம்புச்சு. 2004இல் சீனக் கணிதவியலாளர் வாங் ஷியாவ்யூனும் அவரோட குழுவும், ஒரே எம்டி5 ஹாஷ் வர்ற ரெண்டு வேற வேற தரவுகளைக் காட்டினாங்க. இது வெறும் கணக்கு விளையாட்டா நிக்கல. 2012இல் வெளிச்சத்துக்கு வந்த ஃபிளேம் என்கிற உளவு மென்பொருள், இதே ஓட்டையை வச்சு மைக்ரோசாஃப்ட் சான்றிதழ் மாதிரியே ஒண்ணைப் போலியா செஞ்சிருந்தது. எம்டி5க்கு அடுத்து வந்த எஸ்ஹெச்ஏ-1உம் 2017இல் விழுந்தது. கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் ஒரே ஹாஷ் உள்ள ரெண்டு பிடிஎஃப்களை வெளியிட்டாங்க.

இப்போ சித்தப்பாவோட வக்கீலுக்கு வருவோம். நம்ம நாட்டுச் சட்டத்துல ஹாஷுக்கு ஒரு வரையறையே இருக்குன்னு தெரியுமா? தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 3. அதே பதிவுக்கு எப்பவும் அதே ஹாஷ் வரணும். ஹாஷிலிருந்து பதிவைத் திரும்ப உருவாக்க முடியக் கூடாது. ரெண்டு பதிவுக்கு ஒரே ஹாஷ் வர்றது நடைமுறையில முடியாததா இருக்கணும். இதுதான் சாரம். நாலே வருஷத்துல, மூணாவது நிபந்தனையில எம்டி5 ஃபெயில்.

நீதிமன்றத்துல 2014இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கு ஒரு திருப்பம். கேரளத் தேர்தல் வழக்கு அது. சாட்சியமா கொடுத்த சிடிகளுக்குச் சான்றிதழ் இல்லன்னு உச்ச நீதிமன்றம் அதையெல்லாம் ஏத்துக்கல. அப்புறம் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம் அமலுக்கு வந்தது. அதோட பிரிவு 63இன் சான்றிதழ் படிவத்துல ஹாஷ் வேல்யூவையே எழுதணும். எந்த முறைன்னு டிக் பண்ணக் கட்டங்கள் இருக்கு: எஸ்ஹெச்ஏ1, எஸ்ஹெச்ஏ256, எம்டி5. ஆமா, 2004இல் உடைஞ்ச எம்டி5 இன்னமும் அந்தப் படிவத்துல இருக்கு.

நியாயமா ஒண்ணு சொல்லணும். ஏற்கெனவே இருக்கிற ஒரு வீடியோவோட எம்டி5க்குப் பொருந்துற மாதிரி வேற வீடியோ செய்யறது இன்னைக்கும் ரொம்பக் கஷ்டம். ஆனா ரெண்டு ஃபைலையும் தானே தயாரிக்கிற ஒருத்தரால இரட்டைப் பிள்ளை மாதிரி ஒரு ஜோடியை உருவாக்க முடியும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்தச் சந்தேகம் ஒண்ணு போதும். எஸ்ஹெச்ஏ256 கட்டம் பக்கத்துலயே இருக்கும்போது எதுக்கு வம்பு?

சித்தப்பா விஷயத்துல கேள்வி அது வரைக்கும் போகவே இல்ல. வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும். கண்ணுக்கு ஒண்ணுதான், ஆனா ஃபைல் வேற, ஹாஷ் வேற. ஒரிஜினல் இருந்த ரெக்கார்டர்ல டிஸ்க் நிரம்பி, பழைய காட்சி மேலயே புதுசு பதிஞ்சுடுச்சு. ஒப்பிட எதுவும் மிஞ்சல. "ஆளு முகமே தெரியுதேடா"ன்னு அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் என்ன பதில் சொல்ல?

அதனால உங்க கடையிலயோ வீட்டிலயோ ஏதாவது நடந்தா, முதல்ல ரெக்கார்டரிலிருந்து ஒரிஜினல் ஃபைலை அப்படியே எடுத்து வையுங்க. ரெக்கார்டரையும் அழிய விடாதீங்க. அன்னைக்கே எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் போடுங்க. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் அதுக்கான கருவி ஏற்கெனவே இருக்கு, ஒரு நிமிஷ வேலை. அந்த 64 எழுத்தை தேதியோட வக்கீலுக்கோ, நம்பிக்கையான இன்னொருத்தருக்கோ அனுப்பி வையுங்க. ஃபைல் உங்ககிட்ட இருக்கட்டும், சீல் இன்னொருத்தர்கிட்ட இருக்கட்டும்.

வாட்ஸ்அப்ல அனுப்புறதெல்லாம் அதுக்கப்புறம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.