1953 ஆகஸ்ட் 12: அமைச்சரவை கப்பலேறிய நாள்

ஹர்த்தால் எண்டால் வடக்கு கிழக்கில் எங்களுக்கு உடன ஞாபகம் வாறது பூட்டின கடை, ஓடாத பஸ், வெறிச்சோடின பள்ளிக்கூடம். சொல் அவ்வளவுக்கு எங்கட வாயில் பழகிப்போச்சு. ஆனால் தெற்கில், அதுவும் இடதுசாரிகள் மத்தியில், 'ஹர்த்தால்' எண்டு மொட்டையாகச் சொன்னால் அது ஒரேயொரு நாளைத்தான் குறிக்கும்: 1953 ஆகஸ்ட் 12, புதன்கிழமை. சுதந்திரம் கிடைச்சு ஐந்தரை வருசத்தில் ஓர் அரசாங்கத்தை ஒரே நாளில் ஆட்டம் காண வைச்ச நாள். 2022 இல் காலிமுகத்திடலில் கூடாரம் போட்டவர்களும் ஏப்ரல், மே மாதங்களில் ஹர்த்தாலுக்கு அழைப்பு விட்ட தொழிற்சங்கங்களும் திரும்பத் திரும்ப இழுத்துக் கதைத்ததும் இந்த நாளைத்தான்.

கதை அரிசியில் தொடங்குது. அப்ப கூப்பனுக்குக் குடுத்த அரிசி ஒரு கொத்து 25 சதம். 1952 மார்ச்சில் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க காலிமுகத்திடலில் குதிரையால் விழுந்து இறந்துபோக, மகன் டட்லி பிரதமரானார். இரண்டே மாதத்தில் தேர்தல். அரிசி 25 சதத்துக்கே கிடைக்கும் எண்டது ஐக்கிய தேசியக் கட்சியின் வாக்குறுதி. சனம் நம்பி வாக்குப் போட்டுது.

கொரிய யுத்தம் சூடாக இருந்தவரைக்கும் எங்கட இறப்பருக்கு நல்ல விலை. அந்தச் சூடு ஆற, இறப்பர் விலை விழுந்துது. உலகச் சந்தையில் அரிசி விலையோ ஏறியே நிண்டுது. 1952 டிசம்பரில் சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தானதே இந்த நெருக்கடியால்தான். கம்யூனிசத்தைக் கண்ணிலும் காட்டக்கூடாத அரசாங்கம் மா சே துங்கின் நாட்டோடு பண்டமாற்றுச் செய்தது எண்டால் நிலைமை எப்படி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. உணவு மானியத்தைக் குறையுங்கோ எண்டு உலக வங்கி ஏற்கெனவே ஆலோசனை சொல்லியிருந்தது. நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன குறைச்சார். 1953 ஜூலையில் ஒரு கொத்து 70 சதமானது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதோட பள்ளிப் பிள்ளைகளின் இலவச மத்தியானச் சாப்பாடு நிண்டுது, ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின.

லங்கா சமசமாஜக் கட்சி, பிலிப் குணவர்தனவின் புரட்சிகர சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி, இவற்றின் தொழிற்சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒருநாள் ஹர்த்தாலுக்கு அழைத்தன. சாதாரண நாளில் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்காத கட்சிகள் இவை. பண்டாரநாயக்கவின் சுதந்திரக் கட்சி அனுதாபம் காட்டினதோடு சரி, களத்தில் இறங்கேல்லை. செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி ஆதரவு தெரிவித்தது. 1952 தேர்தலில் செல்வநாயகம் காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியிடமே தோற்றிருந்தார். கட்சிக்கு மிஞ்சினது கோப்பாயில் வன்னியசிங்கமும் திருகோணமலையில் இராஜவரோதயமும் மட்டும். மறுபக்கம், தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அதே டட்லி அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சர். ஆக, அண்டைக்குத் தமிழ் அரசியல் இரண்டு பக்கத்திலும் நிண்டுது.

வேலைநிறுத்தம் எண்டுதான் திட்டம். நடந்தது அதுக்கும் மேல. கொழும்பில் தொழிற்சாலைகளும் துறைமுகமும் ஓய்ந்ததோடு விசயம் முடியேல்லை. மேற்கு, தெற்குக் கரையோரக் கிராமங்களில் சனம் மரத்தைத் தறிச்சு வீதியில் போட்டுது. தண்டவாளத்தைக் கழட்டினார்கள், தந்திக் கம்பியை அறுத்தார்கள். மகரகம, பொரலஸ்கமுவ, எகொட உயன, வஸ்கடுவ, ஹிக்கடுவ எண்டு இடங்களின் பெயர் நீளும். இதில் கனபேர் எந்தச் சங்கத்திலும் இல்லாத ஆட்கள்: சிறு விவசாயிகள், மீனவர்கள், கூப்பன் கடைக்குப் போய் வந்த பெண்கள். கிராமம் தொழிற்சங்கத்தை முந்திப் போனது எண்டதுதான், எங்களுக்கு இந்த நாளில் மிகப் பெரிய விசயமாகப் படுகுது.

அமைச்சரவை எங்க கூடினது தெரியுமோ? கொழும்புத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிண்ட 'நியூபவுண்ட்லாந்து' எண்ட பிரித்தானியப் போர்க்கப்பலில். சுதந்திர நாட்டின் அமைச்சர்கள் தங்கட சனத்துக்குப் பயந்து பழைய எசமானின் கப்பலில் ஏறியிருந்து கூட்டம் நடத்தினார்கள். (2022 ஜூலை 9 அன்று கோட்டாபய ராஜபக்ச ஏறினது எங்கட கடற்படைக் கப்பல். அந்தளவில் முன்னேற்றம்தான்.) அவசரகாலநிலை அறிவிக்கப்பட்டது, ஊரடங்கு வந்தது, இராணுவம் இறங்கினது. பொலிஸ், இராணுவச் சூட்டில் பத்துப்பேரளவில் செத்தார்கள்.

ஒருநாள் எண்டு அழைத்தார்கள், ஒரு நாளோடயே தலைவர்கள் நிப்பாட்டினார்கள். சில கிராமங்களில் சனம் அடுத்த நாளும் விடேல்லை. தொடர்ந்து கொண்டு போயிருந்தால் அரசாங்கமே அண்டைக்கு விழுந்திருக்கும் எண்டு ஒரு வாதம் இன்றுவரை ஓடுது. எங்களுக்கு அதில் முழுச் சம்மதமில்லை. கப்பலில் இருந்தவர்களிடம் இராணுவம் இருந்தது. மறுநாளைக்கு எண்டு ஒரு திட்டம் இந்தப் பக்கத்தில் இருக்கேல்லை.

எண்டாலும் விளைவு சின்னதில்லை. உடம்பும் மனமும் சரியில்லாமல் போன டட்லி ஒக்டோபரில் பதவி விலகினார். சேர் ஜோன் கொத்தலாவல பிரதமரானார், பொன்னம்பலத்துக்கு அமைச்சர் பதவி போனது, ஜே. ஆர். நிதியை விட்டு விவசாயத்துக்கும் உணவுக்கும் மாறினார். அதுக்குப் பிறகு கால் நூற்றாண்டு எந்த அரசாங்கமும் அரிசி விலையில் கைவைக்கப் பயந்தது. ஜே. ஆர். மட்டும் அந்த நாளை மறக்கேல்லை எண்டு நினைக்கிறம். 1977 இல் ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மையோடு வந்து, கூப்பன் அரிசியை ஒழித்து உணவு முத்திரையைக் கொண்டுவந்தார். 1980 ஜூலையில் பொது வேலைநிறுத்தம் வந்தபோது நாற்பதினாயிரம் பேரளவில் வேலையால் நிப்பாட்டினார். அவர் எந்தக் கப்பலிலும் ஏறவேண்டி வரேல்லை.

சிங்களவரும் தமிழரும் வயிற்றுக்காக ஒரே பக்கத்தில் நிண்ட நாள் எண்டு 1953 ஐப் பற்றி மேடைகளில் சொல்லுவார்கள். பொய்யில்லை. மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டத்தை இதே இடதுசாரிகள் எதிர்த்திருந்தார்கள். தமிழரசுக் கட்சி பிறந்ததுக்கும் அதே சட்டம்தான் ஒரு காரணம். ஆனால் அந்த மேடைப்பேச்சு எப்பவும் 1953 இலேயே நிண்டுவிடும். பிறகு வந்த வருசங்களையும் பக்கத்தில் வைச்சுப் பாக்கவேணும்.

மூன்றே வருசத்தில், 1956 ஜூன் 5 அன்று, தனிச் சிங்கள மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினர் அடிவாங்கினார்கள். ஹர்த்தாலுக்கு அழைத்த பிலிப் குணவர்தன அப்ப பண்டாரநாயக்க அமைச்சரவையில். சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் மசோதாவை எதிர்த்தே வாக்களித்தன, அதை மறைக்கக்கூடாது. ஆனால் 1966 ஜனவரி 8 ஐப் பாருங்கோ. மீண்டும் பிரதமராகியிருந்த டட்லி தமிழ்மொழி விசேட ஏற்பாடுகளுக்கான ஒழுங்குவிதிகளைக் கொண்டுவர, அதை எதிர்த்துச் சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து கொழும்பில் வீதிக்கு இறங்கினது இதே இரண்டு கட்சிகளும்தான். துப்பாக்கிச்சூட்டில் ஒரு பிக்கு இறந்தார். 1953 இல் டட்லிக்கு எதிராக இடதுசாரிகளோடு நிண்ட தமிழரசுக் கட்சி 1966 இல் டட்லியின் அரசாங்கத்துக்குள்ள. இடதுசாரிகள் வெளியில், இந்தமுறை அரிசிக்காக இல்லை, தமிழுக்கு எதிராக.

ஹர்த்தால் முடிந்த கையோட, அதே 1953 இல், அதைப் பற்றிச் சிறுநூல் எழுதினவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. சிங்களத்தை அரசகரும மொழியாக எழுதி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் குடுத்த 1972 மே 22 குடியரசு யாப்பை முன்னின்று ஆக்கின அமைச்சரும் அவரேதான்.

1953 இல் பத்து வயது எண்டாலும் இண்டைக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். அப்படி ஆரும் உங்கட வீட்டில் இருந்தால், கூப்பன் அரிசி 70 சதம் ஆன மாதத்தில் வீட்டில் என்ன சமைச்சினம், ஆகஸ்ட் 12 அன்று ஊரில் கடை திறந்ததோ எண்டு கேட்டு, திகதி போட்டு எழுதி வையுங்கோ.