சாணி மெழுகின நிலமும் பெரிய போர்சலின் பலகையும்: வட்டக்கச்சியிலிருந்து ஒரு வீட்டு வரலாறு

இப்ப "மொடேர்ன் வீடு" எண்டு தேடினால் வாற படங்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான். வெறுமையான வெள்ளைச் சுவர், சாமான் குறைஞ்ச அறை, நிலத்தில பொருத்துக் கோடே தெரியாத பெரிய போர்சலின் பலகைகள். இதை மினிமலிசம் எண்டு சொல்லுகினம். நகரத்துத் தனிவீட்டுக்காக யோசிக்கப்பட்ட அழகு இது. ஆனால் வன்னியிலயும் புது வீடு கட்டுகிற ஆக்கள் இதே படங்களைத்தான் மேசன்மாருக்குக் காட்டுகினம். அதனால இந்த நிலத்தின்ர கதையை நாங்கள் வட்டக்கச்சியிலிருந்து பார்க்க விரும்புகிறோம்.

போர்சலின் ரைல்ஸ் 1200 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தில சுடப்படுகிறது. 0.5 வீதத்துக்கு மேல தண்ணீர் உறிஞ்சாது. இத்தாலியில 2001இல் தொடங்கின லமினாம் நிறுவனம் 3 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், வெறும் 3 மில்லிமீற்றர் தடிப்பில பலகைகளைச் செய்தது. அதே 2001இல் வன்னிக்குள்ள ஒரு பை சீமெந்து கொண்டுவாறதே தடை. பொருளாதாரத் தடை 2002 ஜனவரியிலதான் தளர்ந்தது.

வட்டக்கச்சி இரணைமடுத் தண்ணீரை நம்பி உருவான குடியேற்றக் கிராமம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரக் காணி பெற்ற ஆக்கள், காடு வெட்டி வயலாக்கின இடங்களில இதுவும் ஒன்று. மண்சுவர், கிடுகுக் கூரை, சாணி மெழுகின நிலம் என்றுதான் இப்படியான ஊர்களில வாழ்க்கை தொடங்கினது. நெல் நல்லா விளைஞ்ச வீடுகளில பிறகு சீமெந்து நிலம் வந்தது, சிலதில சிவப்புச் சாயம் போட்டு மினுக்கின நிலம். நிலம் மாறினதைப் பார்த்தே குடும்பம் தலையெடுத்ததை ஊர் அறிஞ்சுகொண்டது.

2009 தொடக்கத்தில சனம் கூரைத் தகரத்தையும் ஓட்டையும் கழற்றி உழவு இயந்திரத்தில ஏற்றிக்கொண்டு கிழக்குப் பக்கமாகப் போனது. நிலத்தைக் கழற்றிக்கொண்டு போக ஏலாது. முகாம்களில இருந்து திரும்பி வந்தவைக்குக் கிடைச்சது தறப்பாளும் தகரமும், யூ.என்.எச்.சீ.ஆர். குடுத்த 25,000 ரூபாவும். 2012இல் இந்திய வீட்டுத்திட்டத்தின் பிரதான கட்டம் தொடங்கினது. 5,50,000 ரூபா கட்டங்கட்டமாக வந்தது, வீட்டைக் கட்டுகிற பொறுப்பு குடும்பத்தினுடையது. காசு பத்தாமல் நகை அடகு வைச்சவை கனபேர்.

பிறகு, வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் எண்டு அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒரு வீடு ஏறத்தாழ 21 இலட்சம். 2016இல் அதுக்கு எதிர்ப்பு எழுந்தது. வெக்கை, பிறகு பெருப்பிச்சுக் கட்டுகிறதில இருக்கிற சிக்கல், உள்ளூர் மேசனுக்கு வேலையில்லாமல் போறது எல்லாம் பேசப்பட்டது. அந்தத் திட்டம் சொன்னபடி நடக்கவில்லை. வன்னியின் கட்டடக்கலை வரலாற்றை எழுதினால் இந்த விவாதத்துக்கு ஒரு அத்தியாயம் வேணும் என்பது எங்கட எண்ணம். ஏனெண்டால், அந்த உருக்கு வீடும் ஒருவகையில "குறைஞ்ச" வீடுதான். ஆனால் அந்தக் குறைவை முடிவெடுத்தது அதில வாழப்போறவை இல்லை.

"கடனில நிக்குதுகள், மாபிள் கேக்குதாம்" எண்டு நக்கலடிக்கிற ஆக்களிட்ட நாங்கள் சொல்லுறது இதுதான். தறப்பாளில வருசக்கணக்கா இருந்த குடும்பத்துக்கு வெறுமை ஒரு அழகாகத் தெரியாது. துடைக்கத் துடைக்க மினுங்குற நிலம் அவைக்குத் திரும்பி வந்ததின்ர அடையாளம். 2020இல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால ரைல்ஸ் இறக்குமதியை அரசு நிறுத்தினபோது, வெறும் சீமெந்தோட காத்திருந்த வீடுகளின் மனவருத்தத்தை ஆடம்பரம் எண்டு ஒதுக்க ஏலாது.

அதோட, பெரிய பலகைக்கு மட்டமான, இறுகின அடித்தளம் வேணும். கட்டங்கட்டமாகக் கட்டின வீட்டில, மண் அமரமுதல் அதைப் பதிச்சால் வெடிக்கும். சின்ன ரைல்ஸ் எண்டால் வெடிச்ச ஒன்றை மட்டும் மாத்தலாம். படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறது பிழையில்லை. அந்த ஆசைக்கு எங்கட மண்ணும் எங்கட காசும் எவ்வளவு தாங்கும் எண்டு மேசனோட இருந்து கணக்குப் பார்க்கிற வடிவமைப்பாளர்கள்தான் இப்ப எங்களுக்குத் தேவை.